பிள்ளை பிறந்துவிட்டால் பிரசர் போய்விடுமா?

கேள்வி: மகளுக்குச் சிசேரியன் முடிந்து இன்று ஆறாம் நாள். கடைசி மாதத்தில் பிரசர் இருந்தது. தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நேற்றிலிருந்து தலையிடி, கால் வீக்கம். பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய அக்கா பனடோல் போதும் என்கிறார். சனிக்கிழமைக்கு டொக்டரைப் பார்க்கச் சனல் பண்ணி நேரம் எடுத்திருக்கிறோம். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளை பிறந்ததும் பிரசர் இறங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அது அதிகம் ஏறும். ஆறு கிழமை வரை கவனம் வேண்டும். வலிப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம். பிரசரால் தாயின் உயிர் போவது இவற்றால்தான். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, இருதய நோய் எல்லாமும் தாய்மாரைக் கொல்கின்றன. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரசர்.

இந்த ஏஜென்சிகளை நம்பாதீர்கள். வெள்ளை உடுப்பைப் போட்டு 'நேர்ஸ்' என்று அனுப்பி நாள் கூலி வாங்குகிறார்கள். எங்கே படித்தவர் என்று கேட்டால் பதில் வராது. என்னிடம் கொண்டுவந்த, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு பிரசர் 170/115. கைப்பையில் குளிசை தீர்ந்த பனடோல் அட்டை. வலி குறைந்ததே என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். பனடோல் வலியைத்தான் குறைக்கும், பிரசரை இறக்காது.

ஒன்று உண்டு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்கும் தலையிடி வரும். எழுந்து இருந்தால் கூடும், படுத்தால் குறையும். அது வேறு. ஆனால் படுத்தால் குறைகிறது என்பதற்காக வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். பிரசரை அளந்த பிறகுதான் ஊசித் தலையிடி என்று சொல்லலாம், அதற்கு முன்னால் இல்லை.

தெஹிவளைப் பதிவில் இருக்கும் தாய் கொட்டாஞ்சேனைக்கு வந்தது இங்கே வீடுவீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் மிட்வைஃபுக்கு யார் சொல்வது? பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டுக்குத்தான் போவாள் என்று ஊருக்கே தெரியும், பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. வருடக்கணக்காகச் சொல்லிக் களைத்துவிட்டேன். நீங்களே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அது நாளைக்கு.

கண் மங்கினால், மேல் வயிறு நொந்தால், மூச்சு வாங்கினால் ஓட்டோ தேட வேண்டாம், 1990 அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கர்ப்பகாலப் பதிவு அட்டையும் ஆஸ்பத்திரியில் தந்த துண்டுச் சீட்டும் கையில் இருக்கட்டும். வாசலிலேயே "பிள்ளை பிறந்து ஆறு நாள், பிரசர் இருந்தது" என்று சொல்லுங்கள். தலையிடி என்று மட்டும் சொன்னால் வரிசையில் இருத்திவிடுவார்கள்.