அப்பாவின் வேலை பயமும் பிள்ளையின் குடியும்: கேள்வி பதில்

வேலை நிலைக்குமா என்ற கவலை, பதின்வயதினரின் மதுப்பழக்கத்தோடு எப்படித் தொடர்புகொள்கிறது என்று நடந்த ஆய்வுகளைக் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வேலை போனவர்களை ஆராய்வது புரிகிறது, அம்மா. வேலையில் இருந்துகொண்டே "போய்விடுமோ" என்று பயப்படுவதை எப்படி அளக்கிறார்கள்?

இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்கள் கிரீன்ஹால்க், ரோசன்பிளாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆண்டு 1984. ஆபத்து எவ்வளவு பெரியது, அதைத் தடுக்க என் கையில் ஏதாவது இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரே ஆலையில் ஒரே அறிவிப்பைப் படித்த இருவரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார், மற்றவருக்குத் தூக்கம் வராது. ஆகவே கேள்வித்தாளில் பதிவாவது அவரவர் உணர்வுதான். வேலை போனவருக்கு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கவாவது வழி உண்டு. காத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

அலுவலகத்துக் கவலைக்கும் பதினைந்து வயதுப் பையன் நண்பர்களோடு பீர் குடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? இழுத்துக் கட்டுவது போல இருக்கிறதே.

நல்ல சந்தேகம். இதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே விளைநிலத்தின் சராசரி விலை 1981-இல் ஏக்கருக்கு 2,147 டாலர். 1986-இல் 787 டாலர். விலை ஏறிய காலத்தில் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்கள், வட்டியும் உயர்ந்ததில் நசுங்கிப்போனார்கள். நிலம் ஏலத்துக்குப் போகுமோ என்ற பயமும் வேலை போகுமோ என்ற பயமும் ஒரே சாதிதான்.

1989-இல் ராண்ட் காங்கர், கிளென் எல்டர் முதலிய சமூகவியல் ஆய்வாளர்கள் அந்த மாநிலத்தின் 451 குடும்பங்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை, அப்பா, அம்மா, வயதில் நெருங்கிய உடன்பிறப்பு என நால்வரையும் விசாரித்தார்கள். கேள்வித்தாளோடு நிற்காமல், குடும்பம் உட்கார்ந்து பேசுவதை வீடியோவில் பதிவு செய்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு மதிப்பு வருவதே அதனால்தான். வீட்டில் நாம் கத்துவதில்லை என்று எழுதிக்கொடுப்பது யாருக்கும் சுலபம்.

அவர்கள் கண்ட பாதை இது: பண நெருக்கடி பெற்றோரின் மனத்தைச் சோர்வடையச் செய்கிறது, சோர்வு கணவன் மனைவி சண்டையாகிறது, அதே எரிச்சல் பிள்ளைகள் மேல் பாய்கிறது, அல்லது பெற்றோர் அவர்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இளம் பருவக் குடிப்பழக்கத்துக்கும் இந்தப் பாதையைப் பொருத்தி 1991-இல் காங்கர் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது அதுதான்.

அப்படியானால் பொருளாதாரம் சரியும்போதெல்லாம் பிள்ளைகளின் குடி கூட வேண்டுமே?

கூடவில்லை. ஐஸ்லாந்தில் 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. ஆனால் அங்கே முந்தைய ஒரு மாதத்தில் குடித்து போதையேறியதாகச் சொன்ன 15–16 வயதினர் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் 5 சதவீதம். வீழ்ச்சி நடுவில் வந்தும் இறக்கம் நிற்கவில்லை. மாலை நேர விளையாட்டுக்கு நகராட்சிப் பணம், இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு, பெற்றோர்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று பல வேலைகள் முன்பே நடந்துகொண்டிருந்தன. கையில் காசு குறைந்தால் குடியும் குறையும் என்பது இன்னொரு பக்கம்; பெரியவர்களைப் பற்றிப் பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் ரூம் இதை நெடுநாளாகச் சொல்லிவருகிறார்.

நாட்டுச் சராசரி இறங்கும்போதே, பயம் புகுந்த ஒரு வீட்டுப் பிள்ளையின் நிலை மோசமாகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். செய்தியாளர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது.

என் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது, மேடம். பத்தாவது படிக்கும் மகளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள் என்பது என் கருத்து. கனடாவில் ஜூலியன் பார்லிங் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் வேலை நிலையைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்தது. அது குடியைப் பற்றியதன்று. வேலை குறித்த பிள்ளைகளின் மனப்பான்மையைப் பற்றியது. ஆனாலும் நீங்கள் மறைக்கிறீர்கள் என்பதை மறைக்க முடியாது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மாதச் செலவில் எதைக் குறைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் போடும் கணக்கு அவளுக்கு வேண்டாம்.

பிள்ளைகள் குடியைப் பற்றி உண்மை சொல்வார்களா?

பெயர் கேட்காமல், வகுப்பறையில், ஆசிரியர் பார்க்காதபடி நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் சொல்கிறார்கள். அளந்துவிடுபவர்களும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் பள்ளி மாணவர்களின் மது, போதைப் பழக்கத்தைக் கேட்டறியும் ஆய்வில் அவர்களைப் பிடிக்க "ரெலெவின்" என்று உலகத்தில் இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர் குடும்பங்களில் இதே ஆய்வைச் செய்ய விரும்புகிறேன், அக்கா. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்க்காதே, தம்பி. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு மட்டும் கூலி வாங்கி, தைப்பவரிடம் "உங்கள் வேலை பறிபோகுமா" என்று கேட்டால் சிரிப்பார். ஆர்டர் இல்லாத வாரங்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேள். அப்பாவையும் பிள்ளையையும் தனித்தனியே விசாரி. அப்பா குடிப்பவரா என்பதைக் கட்டாயம் பதிவு செய். அதை விட்டால், பிள்ளை குடிப்பது வேலை பயத்தாலா, வீட்டில் பார்த்துப் பழகியதாலா என்று பிரிக்கவே முடியாது. முடிந்தால் ஒரு வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போ. வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும் ஊர் அது. முதல் முறையே ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்.