வேலையில் சேர்த்துவிட்டால் முடிந்ததா?

கேள்வி: வசதியில்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையிலும் சேர்த்துவிடுகிறோம், ஆனால் மூன்றாவது மாதத்துக்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லையா, எங்கள் பயிற்சி சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நின்றவர்களில் ஒருவரிடம், கடைசியாக வேலைக்குப் போன வாரத்தைப் பற்றி நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆளில்லை, போனில் லீவு சொல்லத் தயக்கம், இரண்டு நாள் போகாமல் இருந்த பிறகு சூப்பர்வைசர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்படியே நின்றுபோயிருப்பார். இதில் திறமைக் குறைவு எங்கே வந்தது? வீட்டில் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதால் வேலைக்கே வர முடியாத பெண்கள் 2023-ல் உலகம் முழுக்க 70.8 கோடி பேர் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கு. ஆண்கள் சுமார் 4 கோடிதான்.

அதனால் வேலையில் சேர்க்கும் முன்பே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவராலும் முடியாத நாளுக்கு இன்னொருவர் என்று பேசி வையுங்கள். அப்புறம், முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை பஸ்ஸுக்குக் கடன் வாங்கித்தான் போகிறார்கள், அந்தச் செலவை மட்டுமாவது முன்பணமாகக் கொடுங்கள். சேர்ந்து ஆறு மாதம் வரை உங்களில் ஒருவர் வாரம் ஒருமுறை அவரிடமும், மாதம் ஒருமுறை முதலாளியிடமும் பேச வேண்டும்.

வேலையிடத்தில் யாராவது தொந்தரவு செய்தால் 'கொஞ்சம் அனுசரித்துப் போம்மா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தடுக்கவே 2019-ல் அதே தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை என்று தனியாக ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்திருக்கிறது.