கர்ப்ப காலத்தில் மது குடித்தால் குழந்தையின் மூளை செல்களுக்கு என்ன ஆகும்?

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டி கருவின் ரத்தத்துக்குப் போய்விடும். அதை உடைக்கும் நொதிகள் கருவின் கல்லீரலில் மிகக் குறைவு.

வளரும் நியூரான்கள், அதாவது மூளையின் நரம்பு செல்கள், ஒன்றோடொன்று சமிக்ஞை பரிமாறிக்கொண்டால்தான் உயிரோடு இருக்கும். சமிக்ஞையை வாங்க செல்களில் ஏற்பிகள் உண்டு. மதுவோ, செல்லைத் தூண்டும் குளூட்டமேட் ஏற்பிகளை அடைத்து, செல்லை அடக்கும் காபா ஏற்பிகளை முடுக்கிவிடுகிறது. சமிக்ஞை அடங்கியதும் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. விலங்கு ஆய்வுகளில் தெளிவாகப் பார்த்த விஷயம் இது. அப்புறம், தப்பிய செல்கள்கூட உரிய இடத்துக்கு நகரும்போது வழி தவறலாம்.

முகத்தை உருவாக்கும் செல்கள் பாதிக்கப்படுவது கருத்தரித்த நாளிலிருந்து மூன்றாம், நான்காம் வாரத்தில். பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம். மூளையோ கடைசிவரை வளர்கிறது. அதனால் முகம் இயல்பாக இருந்தும் நினைவாற்றலும் கவனமும் குறையலாம்.

பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. தெரியாமல் குடித்திருந்தால், எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.