அந்தத் தங்க நிற டப்பா எதற்காகக் கிடைத்தது?

கேள்வி: எனக்கு 44 வயது. நான்கு வருடமாகச் சிறிய விமானம் ஓட்டுகிறேன். தொழிலாக அல்ல, ஆசைக்காக. ஞாயிறு காலை கிளப் நண்பர்கள் ஐந்து பேர், ஐந்து விமானங்களில் கிளம்பி, இன்னோர் ஓடுதளத்தில் இறங்கி, அரட்டையடித்துவிட்டுத் திரும்புவோம். கடைசியாக வந்து சேர்கிறவர் எல்லோருடைய முன் கண்ணாடியையும் துடைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கிண்டல்தான் எங்கள் நட்பின் உயிர். போன மாதம் எதிர்க்காற்றில் மாட்டி, என் செஸ்னா 152-ஐ ஒன்பது லிட்டர் பெட்ரோலோடு இறக்கினேன். நண்பர்கள் ஒரு பெட்ரோல் டப்பாவுக்குத் தங்கக் கலர் அடித்து, 'காற்றைக் குடித்துப் பறந்த மாமன்னர்' என்று எழுதிப் பரிசளித்தார்கள். வீட்டில் கேட்டதற்கு, நன்றாக லேண்டிங் செய்ததற்குக் கிடைத்தது என்று சொல்லிவைத்தேன். மகன் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான். பிரச்சினை அதுவல்ல. என் மனைவிக்கு எங்கள் நகைச்சுவை பிடிக்கவில்லை. கிளப்புக்கு ஒருமுறை வந்தவள், 'சாவை வைத்துச் சிரிக்கிற கூட்டம்' என்று சொல்லிவிட்டாள். பறப்பதைக் குறைக்கச் சொல்கிறாள். எங்கள் நட்பை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. மலையேறுகிறவர், கடலில் தூண்டில் போடப் போகிறவர், மோட்டார் சைக்கிளில் தேசம் சுற்றுகிறவர், எல்லோரும் இதையே எழுதியிருக்கிறார்கள். "என் கூட்டாளிகளை வீட்டில் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள்." கொஞ்சம் பொறுங்கள், அவர் மனசு மாறும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். 'பிரச்சினை அதுவல்ல' என்று ஒரு டப்பாவைத் தாண்டிக் குதித்துப் போனீர்களே, நான் அந்த டப்பா பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.

உங்கள் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனான். தங்கக் கலர் உரிந்துவிடாமல் துணி சுற்றித்தான் பையில் வைத்திருப்பான். "எங்கப்பாவுக்குப் பரிசு" என்று வகுப்பில் தூக்கிக் காட்டியிருப்பான். எதற்குப் பரிசு? வாருங்கள், கணக்குப் போடுவோம்.

செஸ்னா 152-இன் சாதாரண டேங்க் இரண்டிலும் சேர்த்து 98 லிட்டர் பிடிக்கும். அதில் எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது சுமார் 93 லிட்டர்தான். மீதி ஐந்தரை, ஆறு லிட்டரை நம்பிப் பறக்க முடியாது என்று விமானத்தின் கைப்புத்தகமே தனியாகக் கழித்துவிடுகிறது. உங்கள் ஒன்பதில் ஆறைக் கழியுங்கள். மூன்று. மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கிற எஞ்சினுக்கு மூன்று லிட்டர் என்பது எட்டு நிமிஷம். பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்கூட அரை மணி நேரப் பெட்ரோலைக் கையிருப்பாக வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அரை மணி எங்கே, எட்டு நிமிஷம் எங்கே! நீங்கள் இறங்க வரும்போது ரன்வேயில் வேறொருவர் டயர் வெடித்து நின்றிருந்தால்? "ஒரு சுற்று சுற்றிவிட்டு வா" என்றிருப்பார்கள். அந்த ஒரு சுற்றுக்கே ஐந்தாறு நிமிஷம் போய்விடும். அதற்கடுத்த சுற்றுக்கு உங்கள் எஞ்சின் எதைக் குடித்திருக்கும்? டப்பாவில் எழுதியிருக்கிறதே, அதைத்தான்.

உங்கள் மகன் வகுப்பில் தூக்கிக் காட்டியது இந்த எட்டு நிமிஷத்தை. அவனுக்கு அது தெரியாது.

வீட்டில் உட்கார்ந்து பத்தி எழுதுகிற அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படி என்று நினைக்கலாம். என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் உங்களைப் போலவே விடுமுறை நாளில் பறந்தவர். கண் பார்வை மங்கி, மருத்துவச் சான்றிதழ் கிடைக்காமல் போன பிறகுதான் நிறுத்தினார். எத்தனையோ காலைகளில் பனி ஈரம் காயாத இறக்கைக்குக் கீழே அவர் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கையில் கண்ணாடி போன்ற சின்ன கப். அதால் டேங்கின் அடியிலுள்ள வால்வை அமுக்கினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். இளநீலமாக இருக்கும், 100எல்எல் என்கிற அந்தப் பெட்ரோலுக்கு அடையாளம் தெரிவதற்காகவே நீலச் சாயம் சேர்க்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால், அது கனம் என்பதால், அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். பிறகு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளப்பார். உள்ளே மீட்டர் இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "அந்த முள்ளை நம்புவதற்கு ஜோசியக்காரரை நம்பலாம். அவராவது பரிகாரம் சொல்வார்" என்றார்.

விமானம் நிறுத்துகிற கொட்டகை, ஹேங்கர், அதன் வாசல் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. புரொப்பெல்லர் என்பது விமானிக்கு வைத்த மின்விசிறி; நம்பாவிட்டால் நடுவானில் அது நின்றதும் அவருக்கு எப்படி வியர்க்கிறது பார் என்பார்கள். விமானிக்கு உதவாதவை மூன்று என்பார்கள்: தலைக்கு மேலே இருக்கிற உயரம், முதுகுக்குப் பின்னால் போய்விட்ட ரன்வே, தரையில் லாரிக்குள் இருக்கிற பெட்ரோல். மூன்றாவதை நீங்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒருமுறை புதுப் பையன் ஒருவன் பந்து மாதிரி மூன்று முறை குதித்து இறங்கினான். பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் முந்தைய 90 நாளில் மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்றொரு விதி உண்டல்லவா? "பரவாயில்லை தம்பி, மூன்று மாசக் கணக்கை ஒரே இறக்கத்தில் முடித்துவிட்டாய்" என்று ஒருவர் அவன் கையைக் குலுக்கினார். அந்தப் பையன் முகத்தில் பயம் போய்ச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

ஆகவே அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லப்போனால் மரியாதை உண்டு. அலுவலகத்தில் தப்புச் செய்தவன் கோப்புக்குக் கீழே ஒளித்துவைப்பான். ஹேங்கர் பெஞ்சில் தப்புச் செய்தவன் இரண்டு உள்ளங்கைகளையும் இறக்கை மாதிரி விரித்து, எப்படிச் சாய்ந்தேன், எங்கே சறுக்கினேன் என்று நடித்துக் காட்டுவான். மற்ற நாலு பேருக்கு அது இலவசப் பாடம். விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புவதற்கென்று அமெரிக்காவில் நாசா 1976 முதல் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்றொரு ஏற்பாட்டை நடத்துகிறது. பெயரை நீக்கிவிட்டு, தவறை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். பிரிட்டனில் சர்ப் என்ற பெயரில் 1982 முதல் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. உங்கள் பெஞ்சில் நடப்பதும் அந்த வேலைதான், பெயரை நீக்காமல், சத்தமாக. உங்கள் நண்பர்கள் டப்பாவுக்குக் கலர் அடித்ததில் குற்றமே இல்லை. அங்கே அந்த டப்பா உண்மையைச் சொன்னது. உங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டியதும்தான் அது பொய்யாக மாறியது. மாற்றியவர் நீங்கள்.

என் வீட்டுக்காரரும் ஒருநாள் இப்படிப் பரிசு வாங்கி வந்தார். வேர்த்துக் கொட்டுகிற பருவம். மனிதர் தலையில் காதுவரை மூடிய கம்பளிக் குல்லாயோடு உள்ளே வருகிறார். என்ன கூத்து இது என்றேன். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சொன்னார். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால், வெளியே 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும், எஞ்சினின் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். அதை உருக்கச் சூடான காற்றைத் திறந்துவிடுகிற ஒரு குமிழ் உண்டு. கீழே இறங்க சக்தியைக் குறைத்தபோது அதை இழுக்க மறந்திருக்கிறார். எஞ்சின் இருமியிருக்கிறது. அந்த நொடி எங்கள் மகள் முகம் கண்ணில் வந்ததாகச் சொன்னார். நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குல்லாயைத் துவைத்துக் கொடியில் போடும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அவர் கிளம்பும்போதெல்லாம் "குல்லாய் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பேன். அந்த ஜோக்கில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவர் முழுசாகச் சொன்னதால் கிடைத்தது.

உங்கள் மனைவிக்கு ரசனை இல்லை என்று எழுதுகிறீர்கள். பாதியை ஒளித்துவைத்த ஜோக்குக்கு யார் சிரிப்பார்கள்? நாலு வருஷத்தில் ஒரே ஒருமுறை கிளப்புக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். தெரியாத நாலு ஆண்கள் விழுவதைப் பற்றியும் மோதுவதைப் பற்றியும் சொல்லிச் சிரிக்கிறார்கள், நடுவில் அவர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை குச்சி, எத்தனை கப், எத்தனை முறை "இன்று வேண்டாம், மேகம் தாழ்வாக இருக்கிறது" என்று திரும்பி வந்த கதை இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனாலும் பாருங்கள், எதுவும் தெரியாமலே அவர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். எதையோ மறைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. எதிர்க்காற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எதிர்க்காற்று திடீரென்று முளைப்பதில்லை. கிளம்பி அரை மணியில் கடந்த தூரத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். வழியில் எங்காவது இறங்கிப் பெட்ரோல் போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை? போட்டிருந்தால் கடைசி ஆள் நீங்கள். நண்பர்களின் நாலு கண்ணாடியைத் துடைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் கிண்டல் வேறு. இப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் மறுத்து எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். உங்களிடமிருந்து மறுப்பு வராது என்றே நினைக்கிறேன். நாலு கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்குப் பயந்து, பெண்டாட்டி பிள்ளையை எட்டு நிமிஷத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் பயிற்சிப் புத்தகங்களில் விமானியைக் கெடுக்கும் மனப்பான்மைகள் என்று ஐந்தைப் பட்டியலிடுகிறார்கள். 'எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது' என்பது அதில் ஒன்று. 'நான் யாரென்று காட்டுகிறேன் பார்' என்பது இன்னொன்று. முதலாவதற்கு அவர்கள் தருகிற மருந்து ஒரே வாக்கியம்: 'எனக்கும் நடக்கலாம்.' உங்கள் கூட்டத்தில் சிரித்து முடித்த பிறகு யாராவது தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய், "ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால், நட்பு என்று மனைவிக்குப் புரியவைக்க நினைக்கிறீர்களே, அதை முதலில் நீங்கள் எடை போட்டுப் பாருங்கள்.

குடும்பஸ்தன் பறக்கக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஆனால் கட்டியவளுக்குத் தெரியாமல் அவள் வாழ்க்கையைப் பணயம் வைக்க எந்த ஆம்பளைக்கும் உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

இன்று இரவு முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். ஒன்பது லிட்டர், ஆறு போக மூன்று, எட்டு நிமிஷம், எல்லாவற்றையும். அவர் அழுதாலும் திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள். எதிர்க்காற்று என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். மறுநாள் பிள்ளையிடம், அது அப்பா தப்புச் செய்ததற்குக் கொடுத்தது என்று சொல்லுங்கள். பள்ளியில் அவனுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் வெளியே எடுங்கள். சொந்த ஆசைக்காகப் பறந்து நேர்கிற விபத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பத்திரங்களில் பொடி எழுத்தில் இருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்: எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் தரையில் இருப்பீர்கள், டேங்கில் எத்தனை மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது, தாமதமானால் யாரைக் கூப்பிட வேண்டும். பயணத் திட்டம் பதிந்திருந்தால், வர வேண்டிய நேரம் தாண்டி அரை மணி ஆனதும் தேடுதல் துறை விசாரிக்கத் தொடங்கும். பதியாமல் பறந்தீர்களானால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் உங்கள் மனைவிதான். அவருக்கு நேரமே தெரியாவிட்டால் அவர் யாரைத் தேடச் சொல்வார்? பக்கத்து இருக்கையில் உட்காருகிறவருக்கு ரேடியோவில் பேசவும், அவசரத்துக்கு விமானத்தை இறக்கவும் சொல்லித்தருகிற சின்னப் பயிற்சிகள் சில இடங்களில் உண்டு. விருப்பமா என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கிளப்பில் விதியைத் திருத்தச் சொல்லுங்கள்: பெட்ரோல் போட வழியில் இறங்கியவருக்குக் கண்ணாடி துடைப்பதிலிருந்து விலக்கு. அதற்கு முன்னால், போன மாதம் தப்பித்த அந்த நாலு கண்ணாடியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே துடைத்துக் கொடுங்கள். பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். பூச்சி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிடச் சொல்லுங்கள். அது அக்ரிலிக், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும்.