ஒரே கணினிக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு வெப்பநிலை காட்டுகின்றன. எதை நம்புவது?

இந்நேரம் கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருப்பீர்கள். ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள், முதலில் என் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இன்டெலின் பழைய செயலிச் சில்லான கோர் 2 டுவோ இருந்த காலத்தில் ஒரு மென்பொருள் 48 டிகிரி என்றது, இன்னொன்று 63 என்றது. பயந்தவன் கண்ணுக்குப் பெரிய எண்தான் தெரியும். விசிறியைக் கழற்றி, சில்லின் சூட்டைக் கடத்தும் பழைய வெப்பப் பசையை வழித்துப் புதிதாகத் தடவினேன். 63. பசை அதிகமாகிவிட்டதோ என்று மறுபடியும் வழித்துத் தடவினேன். 63. மூன்றாம் முறை கழற்றியபோது, சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஊக்கு ஒன்று முறிந்தது. அதன்பிறகு உண்மையிலேயே சூடு ஏறியது.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அந்தச் சில்லின் உணரி வெப்பநிலையைச் சொல்வதே இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும் சொல்கிறது. என்னுடையதில் பாக்கி 37. வரம்பு 85 என்று வைத்துக்கொண்ட மென்பொருளுக்கு விடை 48, 100 என்று வைத்துக்கொண்டதற்கு 63. வரம்பைச் சில்லிலிருந்தே படித்தறிய அப்போது வழியில்லை, ஆளுக்கொன்றாக ஊகித்திருக்கிறார்கள். 2008-ல் வந்த கோர் ஐ7 முதல் வரம்பும் சில்லிலேயே பதிவாகியிருக்கிறது.

உங்களுடையது புதிய கணினி என்றால், இரண்டு மென்பொருள்களும் வெவ்வேறு உணரிகளைப் படிக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சில்லின் கணக்கிடும் பகுதியான கோருக்குள் இருப்பது, மற்றொன்று மதர்போர்டில் இருப்பதாக இருக்கலாம். மதர்போர்டில் எதனோடும் இணைக்கப்படாத உள்ளீடுகூட 100-க்கு மேல் எண் காட்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 1800எக்ஸ் செயலி விசிறிக் கட்டுப்பாட்டுக்காக வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிச் சொல்லும். ஏஎம்டியே அறிவித்த செய்தி அது.

"உணரிக்கும் பிழை உண்டே" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். உண்டு, எனக்கும் தெரியும். இன்டெல் உணரிகள் வரம்பை ஒட்டித்தான் நன்றாக அளக்கும். கணினி சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை வைத்துச் சண்டை போடுவது வீண். நான் இப்போது கனமான வேலை கொடுத்துவிட்டுப் பாக்கியை மட்டும் பார்க்கிறேன். அது பூஜ்யமானாலும் சில்லே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எந்தக் கேள்விக்கும் "பசையை மாற்று" என்று பதில் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்ன அலுவலக நண்பர்தான் மீதிப் பசைக் குழாயை இரவல் வாங்கிப் போனார். கேட்டால் இன்றும் "எந்தப் பசை?" என்கிறார்.