இங்கிலாந்து வீட்டு ஷவரும் உங்கள் சென்சாரும்

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. வாடகை வீடு, மாடியில் ஷவர். காலையில் தண்ணீர் நூலாக விழுகிறது. கீழே யாராவது சமையலறைக் குழாயைத் திறந்தால் சூடும் மாறிவிடுகிறது. வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டண்ட் மென்பொருள், சென்சார்களை இணைக்கும் ஈஎஸ்பி32 என்ற சின்ன மின்னணுப் பலகை எல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை. அதனால் அழுத்த சென்சாரும் மோட்டார் வால்வும் வைத்து ஷவர் அழுத்தத்தை எப்போதும் ஒரே அளவில் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோட்டார் வால்வை வாங்கிவிடாதீர்கள். வால்வுக்குக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. உங்களுக்கோ வருவதே போதவில்லை. சென்சார் நல்ல யோசனைதான், ஆனால் அது ஷவரை ஆட்டிவைக்க உதவாது. தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்க உதவும்.

முதலில் உங்கள் வீட்டில் வெந்நீர் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். இந்த ஊரில் எல்லாமே அதைப் பொறுத்தது. பழைய வீடுகளில் கூரைக்கடியில், லாஃப்டில், ஒரு குளிர்நீர்த் தொட்டி இருக்கும். அலமாரி ஒன்றுக்குள் வெந்நீரைச் சேமிக்கும் செம்பு சிலிண்டர் நிற்கும். அங்கே ஷவருக்குக் கிடைப்பது தொட்டியின் உயரம் மட்டும்தான். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). தொட்டி ஷவர் தலைக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார், அவ்வளவே. மெயின்ஸில், அதாவது தெருவிலிருந்து வரும் குழாயில், 3 பார் வந்தாலும் மாடி ஷவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது வகை காம்பி பாய்லர். தொட்டி கிடையாது, மெயின்ஸ் தண்ணீரை அப்போதைக்கப்போது சுடவைத்துத் தரும். மூன்றாவது, குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாக இருக்கும் எலக்ட்ரிக் ஷவர்.

எலக்ட்ரிக் ஷவர் என்றால் கணக்கு சுலபம். 9.5 கிலோவாட் பெட்டி, குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு சுமார் 4 லிட்டருக்கு மேல் அதனால் முடியாது. கோடையில் தண்ணீர் 18 டிகிரியில் வந்தால் 6 லிட்டர் தரும். ஆகஸ்டில் நன்றாக இருந்த ஷவர் ஜனவரியில் சுரத்துக் குறைந்துவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். அங்கே அழுத்தத்தில் குறையில்லை, மின்சக்தியில்தான். எந்தச் சென்சாரும் இதை மாற்றாது.

சமையலறைக் குழாயால் சூடு மாறுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காம்பி பாய்லராக இருக்கத்தான் வாய்ப்பு. 30 கிலோவாட் காம்பி, 35 டிகிரி ஏற்றத்தில் நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவுக்கு வெந்நீர் தரும். கீழே ஒருவர் வெந்நீரைத் திறந்தால் அந்த 12 லிட்டர் பங்காகிவிடும். அப்புறம், உங்கள் மோட்டார் வால்வுத் திட்டத்துக்கு நான் தலையாட்டாததற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. காம்பி பாய்லர் எரிய, ஓட்டம் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்க வேண்டும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 லிட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் நிரல் வால்வை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு போய் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பாய்லர் அணைந்துவிடும், தலையில் சோப்போடு பச்சைத்தண்ணீர் விழும். உடனே வால்வு திறக்கும், பாய்லர் மறுபடி எரியும், இந்த முறை கொதிநீர். மலிவு மோட்டார் வால்வு முழுதாகத் திறந்து மூடவே சில நொடிகள் எடுக்கும். உடம்பு அத்தனை நொடி காத்திருக்காது. சூட்டை நிலைநிறுத்துவது தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸரின் வேலை, அதாவது வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் வைத்த சூட்டுக்குத் தானாகக் கலக்கும் குழாய். அது மின்சாரமில்லாமல், வைஃபை இல்லாமல் தானாகச் செய்யும். உங்கள் ஷவரில் இருப்பது பழைய கை மிக்ஸர் என்றால் அதை மாற்றித் தரச்சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கையில் காசு போடுவதற்கு முன் மூன்று காரியம். சமையலறை சிங்க்குக்குக் கீழே ஸ்டாப் காக், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு, முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வேலைக்கு வந்த யாரோ பாதி திறந்தபடி விட்டுப்போயிருப்பது சகஜம். ஷவர் தலையைக் கழற்றுங்கள். லண்டனிலும் தென்கிழக்கிலும் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், துளைகள் வெள்ளையாக அடைத்திருக்கும். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் கரைந்துவிடும். தலையும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை இருக்கலாம். அது ஓட்டத்தை நிமிடத்துக்கு 8 அல்லது 9 லிட்டருக்கு மட்டுப்படுத்த வைப்பது. தொட்டி வீட்டில் அந்த வில்லை இருந்தால் ஷவரின் கழுத்தையே நெரித்துவிடும். கடைசியாக, 5 லிட்டர் வாளியை ஷவரின் கீழே வைத்து நேரம் பாருங்கள். 30 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர், நல்ல ஷவர். ஒரு நிமிடம் ஆனால் 5 லிட்டர், உங்கள் புகார் நியாயம். வெந்நீரை மட்டும், பச்சைத்தண்ணீரை மட்டும், இரண்டையும் கலந்து, இப்படித் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

இனி சென்சார். சந்தையில் கிடைக்கும் சாதாரண அழுத்த சென்சார் 5 வோல்ட்டில் இயங்கும்; அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், உச்சத்தில் 4.5 வோல்ட் தரும். 12 பார் வரை அளப்பதை வாங்கினால் ஒரு பாருக்கு 0.33 வோல்ட். மெயின்ஸுக்கு அது போதும். தொட்டி வீட்டின் 0.2 பாரை அதில் அளக்கப் போனால் இரைச்சலில் கரைந்துபோகும், குறைந்த அளவுக்கான சென்சாரைத் தேடி வாங்குங்கள். ஈஎஸ்பி32-க்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது, அதனால் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைப் பிரித்துக் குறைக்க வேண்டும். அதன் சொந்த அளவீடும் அத்தனை துல்லியமில்லை. வோல்ட்டேஜைத் துல்லியமாக அளக்கும் ஏடிஎஸ்1115 பலகை ஒன்றைச் சேர்த்தால் வரைபடம் கண்ணுக்குச் சுத்தமாக வரும்.

எங்கே மாட்டுவது? வாடகை வீட்டில் செம்புக் குழாயை வெட்டக்கூடாது. எல்லோரும் தோட்டக்குழாயைத்தான் முதலில் நினைப்பார்கள், அது மறையுள்ள குழாய், திருகினால் போதும். ஆனால் தோட்டக்குழாய்க்குப் பின்னால் தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒரு செக் வால்வு இருக்கும். வந்த அழுத்தத்தை அது உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் உங்கள் முள் 3.5 பாரிலேயே அசையாமல் நிற்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். அதைவிட வாஷிங் மெஷின் இணைப்பில் ஒரு பிரிப்பான் போட்டு மாட்டுங்கள். மாட்டியதும் சமையலறைப் பச்சைத்தண்ணீரை முழுதாகத் திறந்து பாருங்கள். முள் இறங்கினால் சரியான இடம். இறங்கவே இல்லை என்றால் அங்கேயும் செக் வால்வு ஒளிந்திருக்கிறது.

ஒரு வாரம் பதிவு செய்தால் கதை தானாக வெளியே வரும். எல்லாக் குழாயும் மூடியிருக்கையில் 3 பார் நின்று, ஒன்றைத் திறந்ததும் 1 பாருக்கு விழுந்தால் உங்கள் வீட்டுக் குழாய்தான் குறுகல் அல்லது அடைப்பு. எந்தக் குழாயும் திறக்காத நேரத்திலேயே காலை ஏழு மணிக்கு அழுத்தம் கீழே கிடந்தால் பிரச்சினை தெருவில் இருக்கிறது. இங்கேதான் சென்சார் போட்ட காசுக்கு உழைக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் விதிப்படி தண்ணீர் நிறுவனத்தின் இணைப்புக் குழாயில் குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம், அதாவது 0.7 பார், இருக்க வேண்டும். 28 நாளுக்குள் இரண்டு தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குக் கீழே போனால் இழப்பீடு கேட்கலாம். வறட்சி, பராமரிப்பு வேலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தேதியும் மணியும் போட்ட வரைபடத்தோடு தண்ணீர் நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். "ஷவர் சரியில்லை" என்று தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த பதிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆட்டோமேஷன் செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், ஷவர் குழாயை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் ஷவருக்குப் போகும் வெந்நீர்க் குழாயின் மேல் ஒரு வெப்ப சென்சாரைப் பட்டையால் கட்டியிருக்கிறேன், குழாயை வெட்டவில்லை. குழாய் சூடானதும் சமையலறை சிங்க்கின் மேலே ஒரு சின்ன விளக்கு சிவப்பாகும். பாத்திரம் கழுவுகிறவர் அதைப் பார்த்துக் குழாயைக் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான். இதைவிட நம்பகமான வால்வு கிடையாது. இங்குள்ள வாஷிங் மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத்தண்ணீரை மட்டுமே இழுப்பவை. காலைக் குளியல் நேரத்தில் ஓடாதபடி மெஷினிலேயே தாமத நேரம் வைத்துவிடுங்கள்; ஸ்மார்ட் பிளக்கால் நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். டாய்லெட் தொட்டி நிறையும்போது ஷவர் இறங்கினால், அந்தத் தொட்டிக்குப் போகும் சிறிய வால்வை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் மூடுங்கள். மெதுவாக நிறையும், யாருக்கும் நஷ்டமில்லை.

பம்ப் போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். தொட்டியும் சிலிண்டரும் உள்ள வீட்டில் போடலாம், அதுதான் அங்கே சரியான வைத்தியம். அந்தப் பம்புக்குள் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும், நீங்கள் நிரல் எழுத வேண்டியதே இல்லை. மெயின்ஸிலிருந்து நேராக இழுக்கும் பம்ப் வேறு சங்கதி. நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுப்பதானால் 1999-ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பொருத்து விதிகளின்படி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குடிநீர் போகும் குழாயில் எந்தப் பொருளையும் செருகிவிட முடியாது. தண்ணீர்ப் பொருத்துகளுக்கான டபிள்யூஆர்ஏஎஸ் (WRAS) ஒப்புதல் உள்ளதா என்று பாருங்கள். மலிவு பிளாஸ்டிக் ஓட்ட மீட்டர்களில் பலவற்றுக்கு அது இருக்காது. குளியலறைக்குள் மின்சார வேலை என்றால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான், உங்கள் பலகையெல்லாம் அறைக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டர் வீடானால் சேமிப்பு வெந்நீரை 60 டிகிரிக்குக் கீழே இறக்கும் ஆட்டோமேஷன் எதையும் எழுதாதீர்கள், லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்துவிடும்.

வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று. 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு தண்ணீர், வெந்நீர் அமைப்புகளைப் பழுதில்லாமல் வைப்பதை அவர் பொறுப்பில் விடுகிறது. பழுதைச் சரிசெய்வார், ஆனால் வசதியைக் கூட்டித்தர வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே "ஷவர் வேகமாக வேண்டும்" என்று எழுதாமல், "பச்சைத்தண்ணீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், வெந்நீர் இத்தனை லிட்டர், ஒன்றைத் திறந்தால் மற்றது இவ்வளவு விழுகிறது" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பச்சைத்தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்திருந்தால் பாய்லருக்குள் அடைப்பு இருக்கலாம், அது அவர் செலவு.

வாளி அளவுகளையும் பாய்லரின் மாடல் எண்ணையும் இங்கே போடுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.