எந்தச் சோளத்தில் சைலேஜ் போடலாம்? வெள்ளாடு வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: தானியச்சோளம், தீவனச்சோளம், இனிப்புத்தண்டுச் சோளம் மூன்றும் இருக்கின்றன. வெள்ளாட்டுக்கு எதில் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம், போடலாம் அண்ணா?

பதில்: மூன்றிலும் போடலாம். தானியச்சோளத்தைக் கதிரோடு நறுக்கினால் மாவுச்சத்து சேர்ந்து வரும். பால் கொடுக்கும் ஆடுகளுக்கு நான் அதைத்தான் வைப்பேன். இனிப்புத்தண்டில் சர்க்கரை அதிகம் என்பதால் வெல்லப்பாகு சேர்க்காமலே நன்றாகப் புளிக்கும். ஆனால் வாடவிடாமல் போட்டால் சாறு வழிந்து சத்தும் கூடவே போய்விடும். தீவனச்சோளத்தில் மகசூல் அதிகம், மாவுச்சத்து குறைவு. இலையின் நடுநரம்பு பழுப்பாக இருக்கும் ரகம் கிடைத்தால் விடாதீர்கள். தண்டை விறைப்பாக்கும், செரிக்காத லிக்னின் அதில் குறைவு, அதனால் நன்றாகச் செரிக்கும். பயிர் சாய்ந்துவிடக்கூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போது அறுப்பது?

பதில்: ரகத்தைவிட இதுதான் முக்கியம். மணியை நகத்தால் கிள்ளுங்கள். பால் வந்தால் பொறுங்கள், மாவாக நசுங்கினால் அறுங்கள். நறுக்கியதை ஒரு பிடி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் இன்னும் வாடட்டும். உருண்டை மெல்லப் பிரிந்தால் உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சுவது) 30 முதல் 35 சதவீதம் இருக்கும், அதுதான் பதம்.

கேள்வி: ஆடுகள் தண்டை ஒதுக்குகின்றன.

பதில்: 1 முதல் 2 சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். முற்றிய தட்டையை எப்படி நறுக்கினாலும் ஒதுக்கத்தான் செய்யும்.

கேள்வி: இளஞ்சோளம் விஷமாமே ஐயா?

பதில்: ஆமாம். இளம்பயிரிலும், வறட்சியில் வாடிப்போய் மறுபடி துளிர்த்ததிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகும். சைலேஜாகும்போது பெருமளவு குறையும். அதனால் மூடி 6 வாரமாவது கழித்துத் திறங்கள். அப்போதும் முதலில் கொஞ்சமாகவே கொடுங்கள்.

கேள்வி: ஓரத்தில் பூஞ்சை. அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, வெள்ளாட்டுக்கு இதில் துணியவே துணியாதீர்கள். காற்றுப் புகுந்த சைலேஜில் புளிப்பு குறைந்து லிஸ்டீரியா கிருமி பெருகும். அது மூளையைத் தாக்கினால் ஆடு ஒரே பக்கமாக வட்டமடிக்கும், காது தொங்கும், வாயில் எச்சில் வழியும். உடனே மருத்துவரைக் கூப்பிடாவிட்டால் காப்பாற்றுவது கடினம். சினை ஆடு குட்டி வீசிவிடும். நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, இனிய புளிப்பு வாடையோடு இருக்கும். அமிலநிலை (pH) 4 அளவில் நிற்கும். மிதித்து இறுக்குவதில் சோம்பல் காட்டாதீர்கள்.

கேள்வி: சைலேஜ் மட்டும் போட்டால் போதுமா?

பதில்: போதாது, புரதம் குறைவு. 30 கிலோ ஆட்டுக்கு ஒன்றரைக் கிலோ வரை போட்டு, கூடவே பயறுவகைத் தழையும் காய்ந்த தீவனமும் தாது உப்பும் கொடுங்கள். அந்த அளவுக்கு வர 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வயிறு பழகும்.